வெட்டாமல் விட்ட தண்டு

முதலாவது, என்று மயூரி மனசுக்குள் தொடங்கினாள், முதலாவது இந்த மே மாதம் பத்தொன்பது நாள் மழை பெய்தது, அதை ஒருவரும் மறுக்க முடியாது, பத்தொன்பது நாள் நனைந்துகொண்டே நின்ற இலையில் பூஞ்சணம் பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும், செடியை வளர்க்கிறவன் எந்த நாட்டுக்காரன் என்று பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டா அது ஏறுகிறது. பாஸ்போர்ட் என்ற இடத்தில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது. நல்ல வசனம். டொச்சில், இந்த ஜெர்மன்காரரின் மொழியிலேயே, சொன்னால் இன்னும் சுருக்கென்று இருக்கும். தோட்டச் சங்கத் தலைவர் ப்ரிங்க்மனுடைய முகம் அந்த இடத்தில் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது, அந்த ஆசையோடு அடுத்த இலையைப் பிடித்தாள், நுனியிலிருந்து நடு நரம்பை நோக்கி ஆப்பு மாதிரி இறங்கியிருந்த மண்ணிறக் கறை, கறையின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் ரோமம், ஊதினால் பறந்துவிடும் என்பதால் மூச்சை அடக்கிக்கொண்டு காம்போடு கிள்ளிக் கறுப்புக் குப்பைப் பைக்குள் விட்டாள். பிறகுதான் மூச்சு. கத்தரிக்கோலை ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருதரம் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயைக் கத்தரியே அடுத்த செடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும், இதைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் படித்தாள், சோதனையில் எழுதினாள், முழுப் புள்ளியும் எடுத்தாள். முழுப் புள்ளி. வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒன்பதரை மணி. பதினொரு மணிக்குச் சங்கத்தார் வருவார்கள். முதலாவது, மழை.

டோர்ட்முண்ட் நகரத்தின் ஓரத்தில் ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் அகப்பட்டுக் கிடக்கும் நாற்பது சின்னத் தோட்டங்களில் இது பதினேழாவது. நகரத்தில் வீட்டோடு நிலம் இல்லாதவர்களுக்குச் சங்கம் குத்தகைக்குக் கொடுக்கிற நிலம், ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டில், கொஞ்சம் புல், கொஞ்சம் மரக்கறி, எல்லாவற்றுக்கும் அளவு, வேலி இவ்வளவு உயரம், கொட்டில் இவ்வளவு அகலம், ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. அதோடு இந்தச் சங்கத்துக்கு மட்டும் உள்ள ஒரு வழக்கம், நடைபாதையைப் பார்த்த முன்பாத்தியில் எல்லாத் தோட்டக்காரரும் பியோனிப் பூச்செடிதான் வைத்திருக்க வேண்டும், ஒரே வெளிர்சிவப்பு, சங்கம் தொடங்கிய காலத்தில் ஒரே கிழங்கிலிருந்து பிரித்து நாற்பது வாசலுக்கும் நட்டவையாம். பெந்தகோஸ்து ஞாயிறன்று எல்லாம் ஒன்றாகப் பூக்கும். அன்றைக்கு வெளிவாசல் கேற்றைத் திறந்துவிடுவார்கள், பாதை நீளத்துக்கு மேசை போட்டுக் கேக் வைப்பார்கள், ஊர்ச்சனம் வந்து படம் எடுக்கும். இந்த வருஷமும் மேசை போட்டார்கள். கேக்கும் வந்தது, சனமும் வந்தது. பூ வரவில்லை. பன்னிரண்டாம் தோட்டத்திலிருந்து இருபத்திமூன்றாம் தோட்டம் வரைக்கும் மொட்டெல்லாம் மிளகளவிலேயே கறுத்து, தண்டு அடியில் அழுகி, நின்ற நிலையிலேயே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. நடுவில் நிற்பது பதினேழு. எண்ணத் தெரிந்த எவனுக்கும் அது தெரியும். அடுத்த கிழமை கடிதம் வந்தது, நோய் பரவியதற்குக் காரணம் பதினேழாம் தோட்டத்துக் கவனக்குறைவா என்று நேரில் பார்த்து முடிவெடுக்கப்படும், அப்படியானால் அது மூன்றாவது எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு குத்தகை முடியும். முதலாவது எச்சரிக்கை பூசணிக்கொடி கொட்டிலின் கூரைக்கு ஏறியதற்கு. இரண்டாவது வேலி பத்துச் சென்ரிமீற்றர் கூடிப்போனதற்கு. அந்த நேரம் அவள் நடைபாதையில் நின்று சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டி வாதாடினாள், மற்ற வேலிகளின் உயரத்தையெல்லாம் அளந்து கொண்டுபோனாள், ப்ரிங்க்மனின் வேலியே எட்டுச் சென்ரிமீற்றர் கூட என்று நிரூபித்தாள். வாதத்தில் வென்றாள். கடிதம் வந்தது.

கைத்தொலைபேசி அடித்தது. அம்மா. வயோதிபர் இல்லத்தில் காலை வேலைக்கு நடுவில் எங்கேயோ ஒரு துணி அலுமாரிக்குள் நின்று கதைக்கிறாள் என்பது அந்த அமுங்கிய குரலிலேயே தெரிந்தது. "வந்திட்டினமே?" "இல்லையம்மா, பதினொண்டுக்குத்தானே." "அப்பா என்ன செய்யிறார்?" "தேத்தண்ணி போடுறார். கோட்டுப் போட்டிருக்கிறார்." "கோட்டோ? தோட்டத்துக்கோ? சரி சரி, விடு. அவரைக் கதைக்க விடாத மயூ, அவர் என்னத்தைக் கேட்டாலும் யா, யா எண்டு தலையாட்டிப் போடுவார், பிறகு கொலைக்கேஸ் எண்டாலும் எங்கட தலையிலதான்." "எனக்குத் தெரியும்." "நீயும் மெத்தக் கதையாத. வேலி அளக்க வந்த நேரம் நீ கதைச்ச கதைக்குத்தான் ரெண்டாவது கடிதம் வந்தது." "அம்மா, அது அநியாயமான—" "ஓம் ஓம், நியாயம் உன்ர பக்கம்தான். நியாயத்தை வைச்சுக் கத்தரிக்காய் நட ஏலுமே? பணிவாக் கதை. அவரிட்டை வேற என்ன கிடக்குச் சொல்லு, அந்தத் துண்டு நிலத்தை விட்டால்?" அம்மா வைத்துவிட்டாள். வேற என்ன கிடக்கு. ஒன்றும் இல்லை என்று மயூரிக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஒரு விடுதிச் சமையலறையின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிய மனிதர், முதுகு போய் வீட்டோடு இருந்தவர், ஏழு வருஷம் காத்திருப்போர் பட்டியலில் கிடந்து இந்த நிலத்தை வாங்கினார். வாங்கிய அன்று அவர் நடுவில் போய் நின்று இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். இந்த நாட்டில் அவர் இடுப்பில் கை வைத்து நின்றதை அதற்கு முன்னால் அவள் கண்டதில்லை.

அதனால் முதலாவது மழை, இரண்டாவது தண்ணீர் விசிறி. இரண்டாவதுதான் பலமான வாதம். ப்ரிங்க்மன் பின்னேரத்தில், வேண்டாத நேரம் பார்த்து, பொதுப்புல்லுக்கு விசிறியைத் திருப்பிவிடுகிறார், அது சுற்றிச் சுற்றி முன்பாத்திகளின் தலையில் ஊற்றுகிறது, பியோனிக்கு மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது, அடியில் மண்ணில் விட வேண்டும், அதுவும் காலையில், இலை காய நேரம் வேண்டும். இலை இரவு முழுக்க ஈரமாக நின்றால் அது பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. மூன்றாவது, செடிகள் எழுபது வருஷமாகப் பிரிக்கப்படாமல் நெருங்கிக் கிடக்கின்றன, நடுவில் காற்றுப் போக இடம் இல்லை, இதை யார் கவனித்தார்கள், சங்கம் கவனித்ததா, சட்டம் கவனித்ததா, வேலியின் உயரத்தை அளக்கத் தெரிந்த அளவுகோலுக்குச் செடிக்கும் செடிக்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்கத் தெரியாதா. இதுவும் நல்ல வசனம். கைகள் தம் பாட்டில் கிள்ளிக்கொண்டிருந்தன. கிள்ளி, விட்டு, துடைத்து. இந்த இலை நல்லது, இதை விடலாம், இல்லை, பின்பக்கம் பார், பின்பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால் செடி எதை வைத்துச் சாப்பிடும், இலைதானே அதன் சமையலறை, இலையை விட்டால் நோய், எடுத்தால் பட்டினி, அடுத்த வருஷம் கிழங்கில் பலம் இருக்காது, பூக்காது, அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தால். ஒரு மொட்டு விரலோடு வந்துவிட்டது. கறுப்பாக, கெட்டியாக, உள்ளுக்குள் நூறு இதழையும் மடித்து வைத்துக்கொண்டு செத்துப்போன மொட்டு. நகத்தால் கீறினாள். உள்ளே இன்னும் கொஞ்சம் வெளிர்சிவப்பு இருந்தது. அதைப் பார்த்திருக்கத் தேவையில்லை.

நாலாவது என்று ஒன்று இருக்கிறது. நாலாவதை யாரும் கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை. சட்டத்தில் அப்படித்தான், உன்னை நீயே குற்றம்சாட்டும்படி உன்னை யாரும் வற்புறுத்த முடியாது. நுண்ணோக்கியை யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் போனாள், கோபத்தில் போனாள், நோய் இங்கே தொடங்கவில்லை என்று நிரூபிக்கத்தான் பன்னிரண்டாம் தோட்டத்திலிருந்தும் இருபதாம் தோட்டத்திலிருந்தும் இங்கிருந்தும் துண்டு துண்டாக எடுத்துச் சின்னப் பைகளில் பெயர் எழுதி ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால் அழகுதான், அதை மறுக்க முடியாது, சின்னச் சின்னக் கிளையில் திராட்சைக் குலை மாதிரி வித்துக்கள், சாம்பல் நிறத் திராட்சை. மற்றத் தோட்டங்களில் எடுத்த எல்லாமே இந்த வசந்தத்துப் பூஞ்சணம், இளசு. இங்கே எடுத்ததில் மட்டும், போன வருஷத்துப் பழைய தண்டின் அடியில், மண்ணோடு ஒட்டிக் கிடந்த அந்த மக்கின துண்டில் மட்டும், கடுகு மாதிரிக் கறுப்பு மணிகள். குளிர்காலத்தைத் தாண்ட அது போடுகிற வேஷம். பனிக்குள் மணியாகக் கிடந்து, ஏப்ரல் வந்ததும் முளைத்து, காற்றில் ஏறி, பதினாறுக்கும் பதினெட்டுக்கும், பதினைந்துக்கும் பத்தொன்பதுக்கும். அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எடுத்தால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள் என்று. பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள், என்ன, சுவாரசியமாக ஏதாவது கிடைத்ததா. ஒன்றும் இல்லை என்றாள். பழைய தண்டு ஏன் அங்கே கிடந்தது. மற்ற முப்பத்தொன்பது தோட்டத்திலும் ஒக்டோபரில் எல்லாத் தண்டையும் மண்ணோடு வெட்டி, சேர்த்துக் கட்டி, பசளைக் குவியலில்கூடப் போடாமல் குப்பைக்கு அனுப்பினார்கள். இங்கே ஏன் கிடந்தது. முதலாவது, மழை.

ஒக்டோபரில் மழை இல்லை. நல்ல வெயில், குளிர்ந்த வெயில், அப்பா இதே இடத்தில் இதே மாதிரிக் குந்தியிருந்தார், கையில் இதே கத்தரிக்கோல். அவளுக்கு அந்த வாரம் பூச்சிகளைப் பற்றிய விரிவுரை, காட்டுத் தேனீக்கள் உலர்ந்த தண்டுக்குள் முட்டையிட்டு வைத்துக் குளிரைக் கழிக்கின்றன, மனிதன் துப்புரவு துப்புரவு என்று எல்லாவற்றையும் வெட்டி அள்ளுவதால்தான் அவை அழிகின்றன. அவள் அந்த அநியாயத்தைச் சுடச்சுடக் கொண்டுவந்திருந்தாள். "அப்பா, வெட்டாதேங்கோ." "ஏன் பிள்ளை?" "அதுக்குள்ள தேனீ நித்திரை கொள்ளும்." அப்பா தண்டை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுக்குள்ளயோ? இது சும்மா மெதுதண்டு, ஒரு மழைக்குத் தாங்காது. இங்க பார், இலையில பொட்டுப் பொட்டாக் கிடக்கு, இது வருத்தம் பிடிச்சது, நோய் விழுந்தது. வருத்தம் பிடிச்சதை நிலத்தில விடக்கூடாது. நாங்கள் மிளகாய்க் கண்டு எண்டால் வேரோட பிடுங்கிக் கொளுத்திப் போடுவம்." "அதுதான் அப்பா பிரச்சினை! வெட்டுறது, கொளுத்துறது, மருந்தடிக்கிறது. எல்லாரும் உப்பிடிச் செய்துதான் உலகம் இந்தக் கோலத்தில கிடக்கு." "எல்லாரும் வெட்டுகினமே பிள்ளை, அங்க பார், பக்கத்துத் தோட்டத்து லோமன் மனிசியும் வெட்டுறா." "அவை செய்யினம் எண்டதுக்காக நீங்களும் செய்வீங்களோ? இவ்வளவு காலமும் அவை சொன்னதுக்குத் தலையாட்டினது காணாதோ?" அந்தக் கடைசி வசனம். அது தேனீயைப் பற்றியதே அல்ல. அவர் அவளை ஒருதரம் பார்த்தார், கத்தரிக்கோலை மடக்கிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். அன்று பின்னேரம் லண்டனில் இருக்கும் சித்தப்பாவோடு தொலைபேசியில் சிரித்துச் சிரித்துக் கதைப்பது அறைக்குள் இருந்த அவளுக்குக் கேட்டது. "எங்கட தோட்டத்தில தேனீயள் நித்திரை கொள்ளுதாம் தம்பி. எழுப்பக்கூடாதாம். மகளின்ர கட்டளை. அவள் உதுகளைத்தானே படிக்கிறாள், எனக்கென்ன தெரியும்." எவ்வளவு பெருமை அந்தக் குரலில். பியோனித் தண்டுக்குள் எந்தத் தேனீயும் நித்திரை கொள்வதில்லை. ஜனவரியில் புத்தகத்தில் பார்த்தாள், முட்செடித் தண்டு, நடு கட்டியான தண்டு, அவைதான். இது பனியில் கூழாகிவிடும். பார்த்தாள், பக்கத்தைப் புரட்டினாள். ஜனவரியிலாவது வந்து வெட்டியிருக்கலாம். வெளியே பனி, ரயில் வேலைநிறுத்தம், சோதனை. ஆயிரம் நியாயம். நியாயம் அவளிடம் எப்போதும் நிறையவே இருக்கும்.

"மயூ, தேத்தண்ணி." அப்பா கொட்டில் வாசலில் நின்றார். கல்யாண வீடுகளுக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போடுகிற கறுத்தக் கோட்டு, கீழே சேறு பட்ட சப்பாத்து, கக்கத்தில் கடிதங்கள் அடுக்கிய நீலக் கோப்பு. அவருக்குப் பின்னால் கத்தரி பூத்திருந்தது, வெங்காயத்தாள் நிமிர்ந்து நின்றது, பாவல் முதல் பந்தலைப் பிடித்துவிட்டது, எல்லாம் தங்களுக்கு நவம்பர் வரைக்கும் நேரம் இருக்கிறது என்ற நினைப்பில். தேத்தண்ணி இனிப்பாக இருந்தது. அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "எவ்வளத்தை ஆய்ஞ்சு போட்டாய். இப்ப ஆய்ஞ்சு என்ன செய்யிறது." கோபம் இல்லை, சும்மா சொன்னார். சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது, இந்தத் தேத்தண்ணி முடிவதற்குள், அப்பா நீங்கள் சொன்னதுதான் சரி, நான் நுண்ணோக்கியில் பார்த்தேன், கடுகு மாதிரி இருந்தது. மூன்று வசனம். அவளுடைய வாயில் இதுவரை மூன்று வசனம் சிக்கியதில்லை. எட்டு வயதிலிருந்து இந்த வாயால்தான் வீடு நடந்தது, வரிக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரன், காப்புறுதி. ஒன்பது வயதில் வைத்தியர் அம்மாவின் கருப்பையை எடுக்க வேண்டும் என்றபோது அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் பிள்ளை இருக்கிற பையை எடுக்கப் போகினமாம் என்று சொன்னாள், அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பையிலிருந்து வந்தவளே வந்து சொல்கிறாளே என்கிற மாதிரி. சொற்களுக்கு நடுவில் நிற்கிறவன் எதையும் குறைக்கலாம் கூட்டலாம் என்பதையும் அப்போதே படித்துவிட்டாள். வகுப்பில் வாய் ஓய்வதில்லை என்று ஆசிரியை முறையிட்டதை, நான் நல்லாக் கதைக்கிறனாம் அப்பா என்று மொழிபெயர்த்தாள். அப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்து படியிறங்கும்போது சொன்னார், ஓம், அந்த ரீச்சரின்ர முகத்தைப் பார்க்கவே தெரிஞ்சுது எவ்வளவு சந்தோஷம் எண்டு. அவருக்கு எவ்வளவு டொச் விளங்கும் என்பது இன்றுவரைக்கும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால் சிரிப்பார். தேத்தண்ணி முடிந்தது. அடியில் கொஞ்சம் சீனி.

பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்க வந்தார்கள். ப்ரிங்க்மன், எழுதுவதற்கு ஒரு அட்டை, அவருக்குப் பின்னால் பதினெட்டாம் தோட்டத்து லோமன் அம்மாள். அவளும் நிர்வாகத்தில் இருக்கிறாள் என்பதை மயூரி மறந்துபோயிருந்தாள். பிளம்ஸ் கேக் கொண்டுவந்து தருகிற, பாவற்காயை ஒருதரம் பச்சையாகக் கடித்துவிட்டு நன்றி சொன்ன லோமன் அம்மாள். அவளுடைய முன்பாத்தியும் செத்துத்தான் கிடக்கிறது, புருஷன் இருந்த காலத்தில் வருஷா வருஷம் முதல் பூவைக் கிள்ளி அவளுக்குக் கொடுப்பாராம். அப்பா எல்லோருக்கும் கைகொடுத்தார். ப்ரிங்க்மன் குந்தி, ஒரு தண்டை இழுத்தார், அது அடியோடு கையில் வந்தது. மயூரி தொடங்கினாள். மழை. பத்தொன்பது நாள். அவர் தலையாட்டினார், ஆமாம், மோசமான மே மாதம். அவர் ஒத்துக்கொண்டது அவளைத் தடுமாற வைத்தது, பாஸ்போர்ட் வசனம் வருவதற்கு இடமே கிடைக்கவில்லை. விசிறி, என்றாள். பின்னேரத் தண்ணீர், இலையின் ஈரம், எத்தனை மணித்தியாலம் ஈரம் நின்றால் வித்து முளைக்கும், எல்லாம் வந்தது, நன்றாகவே வந்தது, அவள் குரல் ஏறுவதை அவளே கேட்டாள், ப்ரிங்க்மனின் கழுத்து சிவந்தது. அட்டையில் ஏதோ எழுதப்போய் எழுதாமல் நின்றார். வெல்கிறாள். அப்போது லோமன் அம்மாள் மெதுவாக, யாரையும் குற்றம்சாட்டாத குரலில் சொன்னாள், விசிறி சரிதான் மயூரி, அதை நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் விசிறி எல்லா வருஷமும் இருந்ததே. ஒக்டோபரில் நான் வேலிக்கு அங்காலே நின்று பார்த்தேன். உன் அப்பா வெட்டத்தான் குந்தினார். நீங்கள் இரண்டு பேரும் ஏதோ கதைத்தீர்கள். பிறகு வெட்டாமல் எழும்பிப் போனார். முதுகு நோகிறதாக்கும், நாளைக்கு வெட்டுவார் என்று நினைத்தேன். நானே வந்து கேட்டிருக்கலாம். ஏன் வெட்டவில்லை?

ஏன் வெட்டவில்லை. ஒரு ரயில் போனது, நீளமான சரக்கு ரயில், அது போய் முடியும்வரைக்கும் யாரும் கதைக்கத் தேவையில்லை, மயூரி பெட்டிகளை எண்ணினாள், முடியக்கூடாது என்று எண்ணினாள், முடிந்தது. "என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா. விளங்கித்தான் கேட்கிறாரா. "ஒக்டோபரில ஏன் வெட்டேல்லை எண்டு கேக்கினம்." அவர் கடிதக் கோப்பை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். பியோனிகளைப் பார்த்தார், பிறகு லோமன் அம்மாளை. "எனக்குத் தெரியாது எண்டு சொல்லு." "என்னது?" "எங்கட ஊரில உந்தப் பூ இல்லை, வெட்டவேணும் எண்டு எனக்குத் தெரியாது, தெரியாமல் விட்டிட்டன் எண்டு சொல்லு." "அப்பா, உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னீங்கள். நான்தானே—" "சத்தம் போடாத. சிரிச்ச முகமாச் சொல்லு." "நான் உண்மையைச் சொல்லப்போறன்." "என்னெண்டு சொல்லுவாய்? நாலு வருஷம் உதைப் படிச்ச பிள்ளை பிழையாச் சொல்லிப் போட்டுது எண்டோ? நிலம் எப்பிடியும் போயிட்டுது மயூ. நான் தெரியாதவன் எண்டால் அவைக்கு அது அதிசயமில்லை, நான் வந்த நாளிலயிருந்து எனக்கொண்டும் தெரியாது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். நீ தெரியாதவள் எண்டு நினைக்க விடமாட்டன். சொல்லு." ப்ரிங்க்மன் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். தகப்பனும் மகளும் தங்கள் மொழியில் கதைத்தால் அவர் எப்போதும் வேறுபக்கம் பார்ப்பார், அது மரியாதை. மயூரி வாயைத் திறந்தாள். திறந்தபோதுகூட என்ன வரப்போகிறது என்று தனக்குத் தெரியாது என்றுதான் பிறகு நினைத்துக்கொள்ளப் போகிறாள், ஆனால் தெரியும், நாக்குக்குத் தெரியும், பதினான்கு வருஷம் பழகிய நாக்கு. என் அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை, என்றாள். எங்கள் ஊரில் இந்தச் செடி வளர்வதில்லை. அவர் மனம் வருந்துகிறார். எவ்வளவு சுத்தமான டொச், ஒரு பிசகு இல்லை, வினைச்சொல் வரவேண்டிய இடத்தில் வந்தது.

ப்ரிங்க்மனின் கழுத்துச் சிவப்பு இறங்கியது. அவர் முகம் இளகிப்போனது, உண்மையாகவே இளகியது, அதுதான் தாங்க முடியவில்லை, ஒரு கணக்கு ஒருவழியாகச் சரிவந்த மனிதனின் முகம் அது. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், என்றார். இதுக்காகத்தான், இதே முகம் வரும் என்று தெரிந்துதான், இந்த முகத்துக்கு எதிராகத்தான் அவள் வேலி அளந்தாள், சட்டம் படித்தாள், ஒக்டோபரில் அவர்களைப் போலச் செய்யாதேங்கோ என்று கத்தினாள். இப்போது அந்த முகத்துக்கு வேண்டியதைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் எழுதினார். அறியாமை காரணமாக, என்று எழுதுவது தலைகீழாகத் தெரிந்தது. விதி விதிதான், என்ன செய்வது, ஒக்டோபர் முப்பத்தொன்று வரைக்கும் நேரம் இருக்கிறது, மரக்கறி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், கொட்டிலை அடுத்தவருக்கு விட்டுவிடலாம். போகும்போது அப்பாவின் தோளில் ஒருதரம் தட்டினார். இப்போது சொல்லலாம். இப்போதுகூடச் சொல்லலாம், அவர் இன்னும் பதினைந்தாம் தோட்டத்தைத் தாண்டவில்லை, ஓடிப் போய்ப் பிடித்துச் சொல்லலாம், தமிழில் மூன்று வசனம், டொச்சில் இரண்டு போதும். அவர் பதினான்கைத் தாண்டினார். பன்னிரண்டைத் தாண்டினார். அப்பா கடிதக் கோப்பைப் புல்லில் வைத்தார், இடுப்பில் கை வைக்கவில்லை, கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

லோமன் அம்மாள் போகவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது. இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்காமல் விட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, அப்பாவையும் கிட்ட வரும்படி கையால் கூப்பிட்டாள். அப்பா கோட்டோடு அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். அவள் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்து, ஒரு தண்டின் அடியில் வைத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, உரத்து, சொல்லத் தொடங்கினாள். இலையுதிர் காலத்தில். இங்கே. மண்ணோடு. எல்லாவற்றையும். குப்பைக்கு. நிலத்தில் விடக் கூடாது. இரண்டு விரலும் சேர்ந்து மூடித் திறந்து மூடின. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புருவத்தை உயர்த்தி, முதல்முறையாகக் கேட்கிறவனின் ஆச்சரியத்தோடு, எவ்வளவு நன்றாகச் செய்கிறார், எங்கே படித்தார் இதை. பிறகு நிமிர்ந்து மயூரியைப் பார்த்தார். "என்ன சொல்லுறா பிள்ளை?" குப்பைப் பை அவள் கையில் கனத்தது. "வருத்தம் பிடிச்ச தண்டை வெட்டவேணுமாம் அப்பா," என்றாள். "நிலத்தில விடக்கூடாதாம்." "ஓ," என்றார் அப்பா. "அப்பிடியே? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்லு. நன்றி எண்டு சொல்லு." அவள் சொன்னாள்.